ஐந்து அம்மாக்களுக்கு ஒரே கையெழுத்து

மொகொட்லோங் மலையில் மே மாதப் பனி
குதிரையின் மீசை வரைக்கும் ஏறியிருந்தது.
சேணத்தில் கட்டிய நீலப் பெட்டிக்குள்
இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் குளிர்.
வெளியே அதைவிடக் குளிர்.
மற்ற ஊர்களில் மருந்து சூடாகிவிடும் என்று பயப்படுவார்கள்.
நான் உறைந்துவிடும் என்று பயந்து
என் கம்பளியைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு
நடுங்கிக்கொண்டே வந்தேன்.

ஒரே அறைப் பள்ளி. தகரக் கூரை.
முப்பத்தொரு பெண்கள்
ஜெர்சியின் ஒரு கையை மட்டும் கழற்றி
இடது தோளை வெளியே விட்டு
வரிசையில் நின்றார்கள்.

ஜன்னலில் ஆடு மேய்க்கும் பையன்கள்.
"அதைப் போட்டா பிள்ளையே பிறக்காதாம்!"
வரிசையிலிருந்து ஒருத்தி திரும்பாமலே சொன்னாள்:
"உன்னைக் கட்டிக்கிட்டாத்தானே அந்தக் கவலை."
சிரிப்பில் முதல் மூன்று ஊசி
யாருக்கும் வலிக்கவில்லை.

பிறகு படிவங்களைப் புரட்டினேன்.
மமெல்லோவின் அம்மா, ட்செபாங்கின் அம்மா,
புலெங்கின் அம்மா, லிநேயோவின் அம்மா,
ரெலெபோஹிலேயின் அம்மா.
ஐந்து பெயர்.
ஐந்திலும் 'கே' எழுத்துக்கு
ஒரே மாதிரி வால்.
ஒரே ஊதா மை.

"யார் போட்டது?"
ரெலெபோஹிலே கையை உயர்த்தினாள்.
பன்னிரண்டு வயது. பேனா இன்னும் விரலிடுக்கில்.
"அவங்க எல்லாரும் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையில இருக்காங்க.
தாள் போய் வர ஒரு மாசமாகும்.
நீங்க இன்னிக்கு மட்டும்தானே வருவீங்க?"

அவள் சொன்னதில் பொய் இல்லை.
தாளில்தான் இருந்தது.

ஊருக்கு மேலே ஒரு பாறை.
அதில் ஏறி, வடக்கே திரும்பி,
ஒரு காலில் நின்றால் சிக்னல் வரும்.

மமெல்லோவின் அம்மா தையல் ஆலையில்.
இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்தினார்:
"போடுங்க! ஏன் கேக்கறீங்க, போடுங்க!"
ட்செபாங்கின் அம்மா எடுக்கவில்லை.
மூன்று முறை.
புலெங்கின் அம்மா
காசு எவ்வளவு என்று கேட்டார்.
இலவசம் என்றேன்.
இலவசம் என்றால் எவ்வளவு என்று கேட்டார்.
லிநேயோவின் அம்மா வேண்டாம் என்றார்.
நான் விளக்கத் தொடங்குமுன்
இன்னொரு தடவை வேண்டாம் என்றார்,
அழுதிருக்கலாம், காற்றில் தெரியவில்லை.

கடைசி எண்.
யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில்
தட்டுகள் கழுவும் சத்தம், பிறகு தண்ணீர் நின்றது.
"என் அக்காவுக்கு வந்துச்சே, கர்ப்பப்பை வாயில.
அதுக்கா இது?"
"அது வராமல் இருக்க."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
குரலைத் தாழ்த்தினார்,
பக்கத்து அறையில் ஆள் இருந்திருக்க வேண்டும்.
"என் வயசுக்கு இருக்கா?"

பெட்டியில் இன்னும் மருந்து இருந்தது.
அவருக்கென்று எழுதப்பட்டது ஒன்றும் இல்லை.
"உங்களுக்குப் பரிசோதனை இருக்கு, கிளினிக்கில.
எப்போ ஊருக்கு வருவீங்க?"
"டிசம்பர்ல."
மே, ஜூன் என்று
கையுறைக்குள் விரல் மடக்கினேன்.
ஒரு கை போதவில்லை.

மகள் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன்.
"நல்லா போட்டிருக்காளா?" என்றார்.

கீழே இறங்கி
மூன்று படிவத்தில் 'தொலைபேசியில் சம்மதம்' என்று
என் கறுப்பு மையில் எழுதினேன்.
ஊதாவை அடிக்கவில்லை.

லிநேயோ தோளைத் திறந்தபடியே நின்றாள்,
ட்செபாங் அவளுக்குப் பின்னால்.
நான் தலையசைத்ததும்
தங்கள் வரிசை முடிந்தது என்று இருவருக்கும் புரிந்தது.
பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு
ரெலெபோஹிலேதான்
லிநேயோவின் ஜெர்சிக் கையை இழுத்துப் போட்டுவிட்டாள்.
பனியில் விறைத்த கை, எளிதில் நுழையவில்லை.

பதிவேட்டில் மீதம்: இரண்டு.
குறிப்பு என்ற கட்டத்தில்
இரண்டு எண்களை எழுதிக்கொண்டேன்.
மறுபடி அழைக்க.
கீழே இன்னொரு எண்ணும்,
பக்கத்தில் டிசம்பர் என்றும்.
அதற்குப் பதிவேட்டில் கட்டமில்லை,
ஓரத்தில்தான் எழுதினேன்.